1729-ஐப் பகுத்துப் பார்க்காத நாடு

டிசம்பர் 22 நெருங்கும்போதெல்லாம் நாட்டின் கல்லூரிச் சுவர்களில் ஒரே சுவரொட்டி வெவ்வேறு வண்ணங்களில் ஏறிக்கொள்கிறது. ஒரு மூலையில் இராமானுஜனின் அந்தப் புகழ்பெற்ற கடவுச்சீட்டுப் படம். நடுவில் 1729. பக்கத்தில் கப்ரேகரின் 6174. இடமிருந்தால் ஒரு மாயச் சதுரம். தேசியக் கணித நாள் அறிவிக்கப்பட்டதிலிருந்து இந்தச் சடங்கில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. சிறப்பு விருந்தினர் மேடையேறுகிறார், வாடகை வண்டியில் வந்த ஹார்டியின் கதை சொல்லப்படுகிறது, 12-இன் கனமும் 1-இன் கனமும், 10-இன் கனமும் 9-இன் கனமும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன, கைதட்டல் எழுகிறது, தேநீரோடு கூட்டம் கலைகிறது. 1729 என்பது 7 × 13 × 19 என்ற செய்தியை அந்த அரங்குகளில் கேட்பது மிக அரிது. எண்ணைக் கொண்டாடும் விழாவில் அந்த எண் எவற்றால் ஆனது என்று கேட்க ஆளில்லை.

இதை வெறும் மறதி என்று தள்ளிவிட முடியாது. எண்ணைப் பற்றிய ஒரு பிழையான புரிதல் கல்விப்புலத்தில் வேரூன்றியிருக்கிறது. எண்ணின் எழுத்துருவே எண் என்று கொள்ளும் புரிதல் அது.

1729-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19 வரும். 19 அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும். இவ்வாறு தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு, மகிழ்வு தருவது என்ற பொருளில், கப்ரேகர் ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டார். நல்ல பெயர்தான். ஆனால் இதே எண்ணைப் பன்னிரண்டடிமானத்தில் எழுதினால் 1001 என்றாகும். இலக்கக் கூட்டுத்தொகை 2. ஒற்றைப்படை எண்ணை இரண்டு வகுக்காது, மகிழ்வு போய்விட்டது. பழந்தமிழ் எண்குறிகளில் ௲௭௱௨௰௯ என்று எழுதினால் எதை எதனோடு கூட்டுவது என்பதே கேள்வி. அங்கே பத்தும் நூறும் ஆயிரமும் தனிக்குறிகளாக நிற்கின்றன. எழுதும் முறை மாறியதும் அழிகின்ற பண்பு எண்ணின் பண்பாகாது. எழுத்தின் பண்பு அது.

மொழியியல் முதலாண்டு வகுப்பில் முதலில் களையப்படும் மயக்கமும் இதுவே: எழுத்து வேறு, மொழி வேறு. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, னை போன்றவற்றின் வடிவம் மாறியது. மலை என்ற சொல் மாறவில்லை. பழைய வளைவோடு எழுதினாலும் புதிய வடிவில் எழுதினாலும் அதன் இலக்கணம் அதுவே. பகாக் காரணிகளின் நிலையும் அப்படித்தான். பத்தடிமானம், ஈரடிமானம், பாபிலோனியரின் அறுபதடிமானம் என எதில் எழுதினாலும், எழுதாமல் கூழாங்கற்களாகக் குவித்து வைத்தாலும், அந்த எண் ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது ஆகியவற்றின் பெருக்கற்பலனே.

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் இதை வேறெந்த மொழியையும்விடத் தெளிவாகக் காட்டும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறது. பள்ளிப் பாடநூலில் உள்ள பகா எண், பகு எண் என்னும் சொற்கள், நன்னூலின் பதவியல் பேசும் பகாப்பதம், பகுபதம் என்பவற்றின் உடன்பிறப்புகள். பகுபதம் உறுப்புகளாகப் பிரியும். பகாப்பதம் பிரித்தால் பொருள்படாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அதுவே இங்கு முதன்மையானது. சொல்லைப் பிரிப்பதில் வழக்கு எழலாம். எட்டு என்ற சொல் பிரியாமல் நின்றால் எண்ணுப்பெயர். எள் + து என்று பிரிந்தால் எள்ளை உண் என்று பொருள்படும் என உரையாசிரியர்கள் பொதுமொழிக்கு எடுத்துக்காட்டுத் தந்தார்கள். எட்டு என்ற எண்ணிலோ வழக்கே இல்லை: 2 × 2 × 2. ஒவ்வோர் எண்ணும், காரணிகளின் வரிசையை விட்டுவிட்டால், ஒரே ஒரு வழியில்தான் பகா எண்களாகப் பிரியும். அடிப்படை எண்ணியல் தேற்றம் என்று பத்தாம் வகுப்பில் சொல்லி, மீ.பெ.வ., மீ.சி.ம. காண்பதற்கு மட்டும் பயன்படுத்தி, பிறகு மூட்டை கட்டி வைக்கப்படுவது இதுவே. மாற்றுப்பகுப்பே இல்லாத இலக்கணம் எந்த மொழியியலாளருக்கும் வாய்த்ததில்லை. கணித மாணவருக்கு வாய்த்திருக்கிறது. அவருக்கு அது பதினைந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே தெரிகிறது.

இனி 1729-க்கே திரும்பலாம். 7, 13, 19 என்ற காரணிகளிலிருந்து ஒவ்வொன்றைக் கழித்தால் 6, 12, 18. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1728. இந்த 1728 அம்மூன்றாலும் மீதியின்றி வகுபடுகிறது. ஈவுகள் 288, 144, 96. வேடிக்கை போலத் தோன்றும் இந்தச் செய்தியின் பின்னால் 1899-இல் கோர்செல்ட் தந்த அளவுகோல் இருக்கிறது. எந்தப் பகாக் காரணியும் மீண்டும் வராத ஒரு பகு எண்ணில், ஒவ்வொரு காரணியிலிருந்தும் ஒன்று குறைத்துப் பெறும் எண், அப்பகு எண்ணில் ஒன்று குறைத்ததை வகுக்குமானால், அது ஃபெர்மாவின் சோதனையில் பகா எண் வேடமிட்டுத் தேறிவிடும். தனக்குப் பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணை அடியாகக் கொண்டு சோதித்தாலும் அதன் வேடம் கலையாது. இவை இன்று கார்மைக்கேல் எண்கள் எனப்படுகின்றன: 561, 1105, 1729, 2465, 2821 எனத் தொடரும் வரிசை. செக் நாட்டுக் கணித அறிஞர் சிமெர்கா 1885-இலேயே இவ்வரிசையின் முதல் ஏழு எண்களைக் கண்டிருந்தார். அதாவது, இராமானுஜன் பிறப்பதற்கு ஈராண்டுக்கு முன்பே 1729 ஒரு பட்டியலில் அமர்ந்திருந்தது. கனங்களுக்காக அல்ல, காரணிகளுக்காக. இவ்வரிசை முடிவற்றது என்பது 1994-இல்தான், ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமரன்ஸ் ஆகிய மூவரால் நிறுவப்பட்டது.

ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயமின்றியும் அறிய முடியுமா என்ற வினாவின் நடுவில் முள்ளாக நின்றவை இத்தகைய வேடதாரி எண்கள். அந்த வினாவுக்கு 2002-இல் விடை வந்தது கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து. மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைப் பல்லுறுப்புக் கோவைகளுக்கு உயர்த்திய ஒரு சமன்பாட்டைப் பற்றிக்கொண்டார்கள். அந்தச் சமன்பாட்டை எந்தப் பகு எண்ணும் வேடமிட்டு ஏமாற்ற முடியாது. சுவரொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன வேண்டும்? 1729-ஐப் பகுத்திருந்தால், கேம்பிரிட்ஜ் வாடகை வண்டியைத் தேடாமலேயே கான்பூர் வரை ஒரு நேர்வழி கிடைத்திருக்கும். (அந்த வண்டி உண்மையில் சென்றதும் கேம்பிரிட்ஜுக்கு அன்று, இலண்டனின் புட்னிக்கு. கதையைக்கூட முழுதாகக் கேட்டவர்கள் குறைவு.)

இராமானுஜனின் பெயரில் நடக்கும் விழாவில் இராமானுஜனே விடுபட்டுப்போவதுதான் பெரிய அவலம். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது எதற்காக? உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காக. தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது அது. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும் வரிசை. வாய்ப்பாடு அறிந்த குழந்தைக்கும் வரையறை புரியும். ஆனால் 1915-இல் வெளிவந்த கட்டுரையைத் திறந்தால், அங்கே எண்களின் ஒரு முழு உருபனியல் விரிகிறது. அவ்வரிசையின் ஒவ்வோர் எண்ணிலும் பகா எண்கள் 2-இலிருந்து இடைவெளியின்றித் தொடங்குகின்றன. அடுக்குகள் இடமிருந்து வலமாக ஒருபோதும் ஏறுவதில்லை. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 என்ற இரண்டு விலக்குகள் தவிர எங்கும் ஒன்றே. ஓர் எண்ணை எழுத்தாகப் பார்த்தவரால் இப்படிச் சிந்தித்திருக்க முடியாது.

அக்கட்டுரையின் அட்டவணையில் ஒரு பிழையும் உண்டு. கையால் கணக்கிட்டு 6746328388800 வரை சென்றவர் வழியில் ஓர் எண்ணைத் தவறவிட்டார்: 293318625600. அதைப் பகுத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 5040. அந்த 5040-உம் ஓர் உயர் பகு எண்ணே. தெய்வம் கனவில் எண்களைச் சொன்னது என்ற கதையில் இந்த விடுபடலுக்கு இடமில்லை. விளக்கொளியில் உட்கார்ந்து காரணிகளைக் கூட்டிக் கழித்த ஒரு மனிதருக்கு மட்டுமே இப்படி ஓரெண் விடுபடும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு; அது கணிதத் துறைகளுக்கு உள்ளிருந்தே வருகிறது. இத்தகைய வரிசைகள் ஓய்வுநேரக் கணிதம், கோட்பாடற்றவை, முதன்மை ஓட்டத்திலிருந்து ஒதுங்கியவை என்பது. இந்தக் கருத்துக்கு ஹார்டியையே சான்றாக அழைக்கலாம். உயர் பகு எண்கள் என்னும் பொருள் கணிதத்தின் பெருவழிகளிலிருந்து சற்றே விலகி நிற்பது என்றுதான் அவரும் கருதினார், அதில் வெளிப்பட்ட ஆற்றலை ஒருபோதும் ஐயுறவில்லை என்றாலும். ஆனால் பின்னர் நடந்தது என்ன? இலண்டன் கணிதக் கழகத்தின் பணநெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. அது நிக்கோலாஸ், ரோபின் ஆகியோரின் குறிப்புகளோடு முழுமையாக வெளிவந்தது 1997-இல். இதற்கிடையில் 1984-இல் ரோபின் ஒன்றை நிறுவியிருந்தார்: 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணின் வகுத்திகளது கூட்டுத்தொகையும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அடங்கும் என்று சொல்வதும், ரீமான் கருதுகோள் உண்மை என்று சொல்வதும் ஒன்றே. எல்லைக்கோடாக வந்து நிற்பது அதே 5040. பிளேட்டோ தம் சட்டங்கள் நூலில் இலட்சிய நகரின் குடும்பங்களுக்கு விதித்த எண்ணும் அதுவே. எளிதில் பங்கிடலாம் என்பதற்காக. ஒதுங்கிய ஓடை என்று விடப்பட்ட நீர், கணிதத்தின் மிகப்பெரிய விடுகதையின் வாசலில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

1917-இல் ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து நிறுவியது இன்னொன்று. ஓர் எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் என்பதை வரிசையாக எழுதினால் அது தாறுமாறாகத் துள்ளும். ஆனால் பெரும்பாலான எண்களுக்கு அந்த எண்ணிக்கை இயல் மடக்கையின் மடக்கையை ஒட்டியே அமையும். எழுபது இலக்கம் கொண்ட எண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து! அவ்வளவு மெல்ல வளர்கிறது. துள்ளல் எப்படிப் பரவுகிறது என்று 1940-இல் ஏர்டோஷும் காட்ஸும் காட்டினார்கள். தேர்வு மதிப்பெண்களுக்கும் அளவீட்டுப் பிழைகளுக்கும் வரையும் அதே மணிவடிவ வளைவு. சூதாட்டமே இல்லாத இடத்தில் நிகழ்தகவு குடியேறியது இங்கேதான்.

விளையாட்டு குழந்தைகளை ஈர்க்கிறதே, அதை ஏன் பழிக்க வேண்டும் என்பது அடுத்த தடை. விளையாட்டைப் பழிக்க ஒன்றுமில்லை. தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்து, நிறுவன ஆதரவின்றி, எண்களின்மீது கொண்ட காதலால் மட்டுமே இயங்கிய கப்ரேகர்மீதும் குற்றமில்லை. அவரைச் சுவரொட்டியில் ஒட்டி, அவருக்குப் பின் சிந்திப்பதை நிறுத்திவிட்டவர்கள்மீதே குற்றம். 6174-ஐப் பகுத்தால் 2 × 3² × 7³ என்று அடுக்குகள் 1, 2, 3 என ஏறி நிற்கும் அழகைக்கூட அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? விளையாட்டு எப்படி வளரும் என்பதற்கு 714, 715 இணையே சான்று. பேஸ்பால் வீரர் ஹேங்க் ஏரன் 1974-இல் பேப் ரூத்தின் 714 என்ற சாதனையைக் கடந்தபோது, அமெரிக்கக் கணித ஆசிரியர்கள் சிலர் அவ்விரு எண்களையும் பகுத்துப் பார்த்தார்கள். 2 × 3 × 7 × 17. 5 × 11 × 13. இரண்டின் காரணிகளையும் கூட்டினால் 29. இரண்டையும் பெருக்கினால் முதல் ஏழு பகா எண்களின் பெருக்கற்பலன். பொமரன்ஸும் நண்பர்களும் இதை வேடிக்கைக் கட்டுரையாக எழுத, அதைப் படித்த ஏர்டோஷ், இத்தகைய இணைகள் எண்களிடையே எவ்வளவு அருகியவை என்பதை நிறுவும் வழியோடு பொமரன்ஸைத் தேடி வந்தார். பல்லாண்டு நீண்ட கூட்டாய்வு அங்கே தொடங்கியது. விளையாட்டு வினாவானதால் வந்த பயன் அது. கைதட்டலோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு சுவரொட்டிதான்.

ஆய்வு மாணவர்களுக்கு உண்மையான இழப்பு இங்கேதான் நேர்கிறது. கணினியைக் கையில் எடுத்து, ஒரு புதுவகை எண்ணை வரையறுத்து, பத்து இலட்சம் வரை சரிபார்த்து, ஊகம் ஒன்றை அறிவித்து, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழில் வெளியிட்டு, பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்கும் வழக்கம் பெருகிக்கிடக்கிறது. அவர்களுக்குப் பாடமாக ஒரே ஒரு வரிசை போதும். ஓர் எண்ணின் பகாக் காரணிகளை, மீண்டும் வருவனவற்றையும் சேர்த்து எண்ணுக. இரட்டைப்படையானால் +1, ஒற்றைப்படையானால் −1. இது லியோவில் சார்பு. தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால், 2-க்குப் பிறகு கூட்டுத்தொகை சுழிக்கு மேல் ஏறுவதே இல்லை போலத் தோன்றும். 1919-இல் பொய்யா அப்படியே ஊகித்தார். நூறு வரை பார்த்தாலும் சரி, பத்து இலட்சம் வரை பார்த்தாலும் சரி, ஊகம் அசையாது. பத்துக் கோடியிலும் அசையாது. 1958-இல் ஹேசல்குரோவ் இந்த ஊகம் தவறு என்று நிறுவினார். 1980-இல் தனாகா அது முதன்முதலில் முறியும் இடத்தைக் கண்டார்: 90,61,50,257. தொண்ணூறு கோடிச் சான்றுகள் ஒருமித்து ஆதரித்த கூற்று பொய்யானது.

இதனினும் கடுமையானது மெர்டென்ஸ் ஊகம். அதுவும் காரணிகளின் எண்ணிக்கையைக் குறியாக்கிக் கூட்டும் வரிசை பற்றியதே. காரணி மீண்டும் வரும் எண்களுக்கு மட்டும் சுழி. அது பொய் என்று 1985-இல் ஒட்லிஸ்கோவும் தெ ரீலேயும் நிறுவிவிட்டார்கள். ஆனால் அது முறியும் எண் ஒன்றையாவது இன்றுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. தரவு மட்டும் கையில் இருந்தால், இன்றைய எல்லாக் கணினிகளும் சேர்ந்து அந்தப் பொய்யை மெய்யென்றே சொல்லும். தரவுத்தொகுப்பில் இல்லாத தொடர் மொழியிலேயே இல்லை என்று முடிவுகட்டும் மொழியியல் ஆய்வேடுகளுக்கும், ஓராயிரம் பேரிடம் வினாநிரல் கொடுத்து மனித இயல்பை வரையறுக்கும் சமூக அறிவியல் ஆய்வேடுகளுக்கும் இந்த வரிசை அறிமுகமாகியிருக்க வேண்டாமா? ஆய்வு நெறிமுறை வகுப்பில் இருக்க வேண்டிய பாடம், எண்ணியல் விருப்பப்பாடத்தின் கடைசி அலகில்கூட இல்லை.

இத்துறையில் உழைத்த இந்தியர் ஒருவர் மட்டுமே என்ற எண்ணத்தையும் இவ்விழாக்கள் விதைக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ்.எஸ். பிள்ளை 1933-இல் ஒரு சார்பை ஆராய்ந்தார்: 1 முதல் ஓர் எண் வரையுள்ள ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள மீ.பெ.வ.-க்களின் கூட்டுத்தொகை. 1, 3, 5, 8, 9, 15, 13, 20 என வரும். பகா எண்ணுக்கு அதன் இரு மடங்கில் ஒன்று குறையும். 2-க்கு 3, 3-க்கு 5, ஆகவே 6-க்குப் பதினைந்து. எண்ணின் பகுப்பே வரிசையின் பகுப்பாகிறது. ஓர் எண்ணின் காரணி எண்ணிக்கையை எதனால் வகுத்தாலும் மீதிகள் சமமாகப் பரவும் என்பதையும் 1940-இல் அவர் நிறுவினார். 1950 ஆகஸ்டில், அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். சர்வதமன் சௌலா எழுப்பிய வினா இன்னும் உயிரோடிருக்கிறது: ஓர் எண்ணின் காரணி எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று தெரிந்தால் அடுத்த எண்ணைப் பற்றி ஏதேனும் தெரியவருமா? எதுவும் தெரியாது என்பது அவர் ஊகம். ஒன்றைக் கூட்டுவதும் காரணிகளாகப் பிரிப்பதும் ஒன்றையொன்று அறியா அயலார் என்கிறது அது. அதன் ஒரு வலுக்குறைந்த வடிவத்தை டெரன்ஸ் டாவ் 2015-இல் நிறுவினார். முழு வடிவம் இன்னும் எட்டவில்லை. இந்த இரண்டு முகங்களுக்கும் டிசம்பர்ச் சுவரொட்டியில் இடம் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பகுப்பைச் சார்ந்த எல்லா வரிசைகளும் ஆழமானவை என்பதன்று வாதம். குப்பையும் உண்டு. எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகையும் அதன் பகாக் காரணிகளின் இலக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாக வரும் ஸ்மித் எண்கள், 1982-இல் ஒரு கணிதப் பேராசிரியர் தம் மைத்துனரின் தொலைபேசி எண்ணில் கண்டவை. பாதி இலக்கணம், பாதி எழுத்துக்கூட்டல். அவற்றையும் எழுதிப் பார்க்கலாம். எது இலக்கணம், எது எழுத்துக்கூட்டல் என்று பிரித்தறியும் பயிற்சிக்கு அவற்றைப்போல் உதவுவன குறைவு. அந்தப் பயிற்சி எங்கும் நடப்பதில்லை என்பதே குறை.

அடுத்த டிசம்பரில் கரும்பலகையில் இரண்டு கனங்களுக்குப் பதிலாக 7, 13, 19 என்று எழுதத் துணியும் ஆசிரியர் ஒருவருக்கு, வகுப்பு முடியும்வரை போதுமான வேலை அங்கேயே இருக்கிறது. அவை 6 + 1, 12 + 1, 18 + 1. 1939-இல் செர்னிக் கண்டபடி, 6, 12, 18 ஆகியவற்றை ஒரே எண்ணால் பெருக்கி ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டும்போது மூன்றும் பகா எண்களாக அமைந்தால், அவற்றின் பெருக்கற்பலன் கார்மைக்கேல் எண்ணே. 2, 3, 4, 5 ஆகியவற்றால் பெருக்கினால் எங்கேனும் ஒன்று பகு எண்ணாகிக் கெட்டுவிடும். 6-ஆல் பெருக்கினால் 37, 73, 109; பெருக்கற்பலன் 294409. அதற்கடுத்து 35 வரை காத்திருக்க வேண்டும்: 211, 421, 631. இத்தகைய மும்மைகளுக்கு முடிவுண்டா என்பது இதுவரை எவருக்கும் தெரியாது.